சத்தம் நின்றால் எழுந்துவிடுகிறவர்

சலவை ஆலை ஒன்றில் இருபத்து நான்கு வருடமாக அவருக்குக் கொதிகலன் பார்க்கிற வேலை. விடுதிகள், மருத்துவமனைகள், மாணவர் இல்லங்கள் என்று எங்கெங்கோ, யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றைத் துவைக்கவும், உலர்த்தவும், இஸ்திரி போடவும் நீராவி வேண்டும். அதைக் கொடுப்பவர் இவர். கொதிகலன் அறையில் ஒரு முக்காலி, ஒரு மேசை, சுவரில் ஒரு கடிகாரம், கொதிகலனின் நெற்றியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் அழுத்தமானி. அந்த அழுத்தமானியின் முள்ளை இவர் பார்க்கிற பார்வையில் பாதியைத் தன் பக்கம் திருப்பியிருந்தால் தன் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இவருடைய மனைவி சொல்வதுண்டு. ஆலையில் இவருக்கு முள்ளு என்றே பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

முள்ளுவுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. முதலாவது, பதிவேடு. மணிக்கு ஒரு தடவை அழுத்தம் எவ்வளவு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிகிற நேரத்தில் மொத்தமாக உட்கார்ந்து நல்ல கற்பனை வளத்தோடு எட்டு மணி நேரத்தையும் நிரப்புகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர் உண்டு. முள்ளு கண்ணால் பார்க்காததை எழுத மாட்டார். தப்பாக எழுதிவிட்டால் திருத்துவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். ஒற்றைக் கோடு போட வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாளைக் கிழிக்கிறவனையும், பேனாவால் கிறுக்கி மறைக்கிறவனையும் அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார்.

இரண்டாவது பெருமை, காது. கொதிகலனுக்கு நெருப்பு கொடுக்கிற பர்னர் உறுமிக்கொண்டிருக்கிற வரை அந்த உறுமல் அவர் காதில் விழுவதே இல்லை. நின்றால்தான் விழும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தாலும் சரி, விருட்டென்று எழுந்துவிடுவார். "சத்தம் இருக்கிற வரைக்கும் பயமில்ல. சத்தம் நின்னா ஓடணும்" என்று கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

இப்படிப்பட்டவருடைய சொந்த அழுத்தம் நான்கு வருடமாகச் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதலில் ஒரு மாத்திரை. பிறகு இரண்டு. பிறகு மூன்று. மூன்றாவது மாத்திரை தண்ணீரை வெளியேற்றுவதற்கு என்றார்கள். தண்ணீர் வெளியேறியது; பிரஷர் அங்கேயே நின்றது. கொதிகலன் பார்க்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை மருத்துவரிடமிருந்து உடல்தகுதிக் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்த வருடம் டாக்டர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை.

"நூத்தி எழுபத்திரண்டுக்கு நூத்தி நாலு. இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்றார் டாக்டர். கண்டிப்பும் பொறுமையும் சம அளவில் கலந்த அம்மாள் அவர். "ரெண்டு மாசம் தர்றேன். மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேன்."

"தினமும்?"

"தினமும்."

"மறக்காம?"

முள்ளுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவரைப் பார்த்து யாரும் இப்படி மூன்று தடவை கேட்டதில்லை. மேசைமேல் இருந்த கருவியைச் சுட்டிக்காட்டி, "அம்மா, இந்த மெஷினைக் கடைசியா எப்போ சரிபார்த்தாங்க?" என்றார்.

தொழில் புத்தி எங்கே போகும்? முள் தப்பாகக் காட்டினால் முதலில் முள்ளைச் சந்தேகிக்க வேண்டும் என்பது அவர் பாடம். டாக்டர் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு கருவியைக் கொண்டுவந்து மறுபடி பார்த்தார். நூற்று எழுபத்து நான்கு. கோபத்துக்காக இரண்டு கூடியிருந்தது.

ஆக, இரண்டு மாதம். அதற்குள் முள் இறங்காவிட்டால் கொதிகலன் அறையை விட்டு வெளியே போக வேண்டும். வேறு வேலை கொடுப்பார்கள்தான். ஆனால் அந்த அறையில் இல்லாத தன்னை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டிலும் நிலைமை இதேதான். அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். யார் எது சொன்னாலும் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். மூன்று மாத்திரை போட்டும் குறையாத பிரஷர் உலகத்தில் கிடையாது. ஆகவே இந்த மனுஷர் மாத்திரையைக் கழுவுதொட்டியில் போடுகிறார் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். காலியான மாத்திரை அட்டைகளைக் குப்பையிலிருந்து எடுத்து எண்ண ஆரம்பித்தார். சமையலில் உப்பைப் பாதியாக்கினார். பிறகு பாதியில் பாதி. உப்புப் புட்டியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, ஒளித்த இடம் தனக்கே மறந்துபோய் ஒரு வாரம் உப்புச் சப்பில்லாமல் இருவருமே சாப்பிட்டார்கள். முள்ளு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அதுவும் பிரஷரில் போய்ச் சேரும்.

அவர் தன் வழியில் ஒரு காரியம் செய்தார். சொந்தமாக ஒரு கருவி வாங்கினார். ஆலையில் மிச்சமாகிப்போன பழைய பதிவேடு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, 'கொதிகலன் எண்' என்று அச்சடித்திருந்த இடத்தில் தன் பெயரை எழுதினார். காலை எழுந்ததும் ஒன்று, வேலையிலிருந்து வந்ததும் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. மூன்று வாரம் எழுதிய பிறகு பக்கங்களைப் புரட்டிப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். ஒவ்வொரு நாளும் காலையில்தான் அளவு உச்சத்தில் இருந்தது. நூற்று எழுபத்தாறு. நூற்று எண்பது. சாயங்காலம் கொஞ்சம் இறங்கியது. படுக்கப் போகும்போது இன்னும் கொஞ்சம் இறங்கியது. விடிந்தால் மறுபடி மேலே.

இது அவருக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் முள் அடியில் படுத்துக்கிடக்கும். அதுதான் நியாயம். நெருப்பை அணைத்துவிட்டு ஓய்வு கொடுத்த கொதிகலன் எந்த ஊரிலாவது காலையில் உச்சத்தில் நிற்குமா? தன் உடம்பில் மட்டும் இரவெல்லாம் யார் நெருப்பு மூட்டுகிறார்கள்? இதை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டார்.

ஆனால் அந்தப் பதிவேட்டில் அவர் எழுதாத ஒன்றும் இருந்தது. தூக்கம். பகலில் அவருக்குத் தூக்கம் வந்தது. சும்மா கண் செருகுவது இல்லை. பின்னாலிருந்து யாரோ சாக்குப்பையைத் தலைவழியாகக் கவிழ்ப்பதுபோல் வந்தது. பேருந்தில் நின்றுகொண்டே தூங்கி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போயிருக்கிறார். முடிதிருத்தும் நாற்காலியில் தூங்கி, கேட்டதைவிட அதிகமாக முடியை இழந்திருக்கிறார். காலையில் எழுந்தால் தலை கனத்தது; வாய் காய்ந்து கிடந்தது. இரவில் மூன்று தடவை கழிவறைக்குப் போனதை மூன்றாவது மாத்திரையின் கணக்கில் சேர்த்துவிட்டார். மற்றதை வயதின் கணக்கில் சேர்த்தார். டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றே இருந்தார். கொதிகலன் பார்க்கிறவர் தூங்குகிறார் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி வந்தால் போதும், கதை முடிந்தது.

மதியம் ஒரு மணிதான் மோசமான நேரம். முக்காலியை விட்டு எழுந்து நிற்பார். முகத்தில் தண்ணீர் அடிப்பார். அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். ஆலையில் இப்படிச் சமாளித்தாலும், சாயங்காலம் வீட்டுப் பதிவேட்டில் ஒன்றிரண்டு இடத்தில் பேனா, எண்ணிலிருந்து கிளம்பித் தாளின் ஓரம்வரை தனியாகப் பயணம் போயிருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்த இடங்கள் அவை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. தண்ணீர் குறைந்தால் அலற வேண்டிய அபாய மணி இரண்டு நாளாக ஊமையாகிக் கிடந்தது. பழுதுபார்க்கச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்திருந்தார், ஆள் வரவில்லை. பன்னிரண்டு மணிப் பதிவை எழுதினார். அடுத்து அவருக்குத் தெரிந்தது, தோளில் ஒரு கை.

"முள்ளண்ணே! முள்ளண்ணே!"

இஸ்திரிப் பிரிவில் பெரிய உருளை இயந்திரத்தைப் பார்க்கிற அம்மாள். விரிப்புகள் ஈரமும் சுருக்கமுமாக வெளியே வர ஆரம்பித்ததும், என்னவென்று பார்க்க வந்திருந்தார். கையில் பேனாவோடு, நெஞ்சில் முகவாய் பதிய, வாய் திறந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் ஆள் போய்விட்டார் என்றே நினைத்தாராம். முள்ளு ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு கண் விழித்தார். கடிகாரத்தில் ஒன்று இருபத்தைந்து. அறை முழுக்க அமைதி.

"நீராவி வரல" என்றார் அந்த அம்மாள்.

தண்ணீர் ஏற்றும் பம்பு சிக்கி நின்றிருந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கியதும் பாதுகாப்பு விசை தானாகவே பர்னரை அணைத்திருந்தது. அந்த விசையும் சதி செய்திருந்தால் கொதிகலனே வெடித்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். பம்பைச் சரிசெய்து, முறைப்படி எல்லாவற்றையும் பார்த்து, மறுபடி பர்னரை ஏற்றி, மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது இரண்டு மணி ஆகப் போகிறது. பதிவேட்டில் ஒரு மணிக் கட்டம் காலியாக இருந்தது.

அவர் கை அதில் எழுதியது. 'அழுத்தம் எட்டு. தண்ணீர் அரைக் குழாய்.' கையெழுத்து.

எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்பதைப் பார்த்தார். இருபத்து நான்கு வருடத்தில் முதல் பொய். கண்ணுக்கு அழகாக, மற்ற வரிகளோடு வித்தியாசமே தெரியாமல் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் வெளியே போகும்போது இஸ்திரி அம்மாள் வாசலில் நின்றார். "நான் யார்கிட்டயும் சொல்லல, முள்ளண்ணே" என்றார். ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அந்த வார இறுதியிலேயே டாக்டரிடம் போக வேண்டிய முறை. அன்றைக்கு மனைவியும் கூட வந்தார். எதற்கு என்று முள்ளு கேட்கவில்லை; தன்மேல் புகார் சொல்ல என்று நினைத்துக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்ததும் மனைவி கைப்பையைத் திறந்து, ஒரு பை நிறையக் காலி மாத்திரை அட்டைகளை டாக்டரின் மேசையில் கொட்டினார்.

"எண்ணிப் பாத்துட்டேன் டாக்டர். ரெண்டு மாசமா எண்ணுறேன். ஒண்ணு குறையல. சாப்பிடறதையும் பக்கத்துல நின்னு பாத்துட்டேன், முழுங்கினதுக்கு அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லியும் பாத்துட்டேன். நானே இவரை நம்பாமதான் இருந்தேன். இந்த மனுஷன் பொய் சொல்றவர் இல்ல. பிரஷர் குறையலேன்னா வேற என்னமோ இருக்கு, நீங்கதான் பாக்கணும்."

முள்ளுவுக்குத் தலை நிமிரவில்லை. நான்கு வருடமாக யாராவது ஒருவர் இதைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவர் அவர். சொல்லவேண்டியவள் சொல்லிவிட்டாள், சொன்ன வாரத்தைப் பார்த்தீர்களா?

டாக்டர் அட்டைகளை ஒதுக்கிவிட்டு, முள்ளு கொண்டுவந்திருந்த வீட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். முதலில் மேலோட்டமாக. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு.

"காலையிலதான் ஜாஸ்தியா இருக்கு."

"அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றார் முள்ளு.

"இது என்ன? இந்தக் கோடு?"

தாளின் ஓரம்வரை பயணம் போன பேனாக்கோடு. முள்ளு சட்டைக் கழுத்தைத் தடவிக்கொண்டார். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கழுத்தைப் பார்த்தார். "மேல் பட்டன் போடறதில்லையா?"

"எட்டாது. எப்பவுமே கழுத்துக்குப் பத்தாது."

"ஆள் அப்படி ஒண்ணும் குண்டு இல்லியேன்னு நான் விட்டுட்டேன்" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ராத்திரி எப்படித் தூங்குவீங்க?"

"நல்லாத் தூங்குவேன். படுத்தா தெரியாது."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவருக்குத் தெரியாது டாக்டர். தெருவுக்கே தெரியும். குறட்டைன்னா அப்படி ஒரு குறட்டை. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா இவருக்கு மட்டும் தனி ரூம் குடுத்துடுவாங்க."

முள்ளு திடுக்கிட்டார். அந்தத் தனியறையை அவர் இத்தனை வருடமாக மரியாதை என்று நினைத்திருந்தார்.

"நீங்க அதே ரூம்லயா படுக்கறீங்க?" என்று டாக்டர் மனைவியைக் கேட்டார்.

"இல்ல. பொண்ணு பரீட்சைக்குப் படிக்கறா, துணைக்குப் படுக்கறேன்னு அவ ரூமுக்குப் போனேன். அவ படிச்சு முடிச்சு வேலைக்கே போயிட்டா. நான் இன்னும் அங்கதான். கதவை மூடினாலும் கேக்கும்."

"குறட்டை ஒரே மாதிரி வருமா, நடுவுல நிக்குமா?"

"நிக்கும் டாக்டர். நல்லா உறுமிக்கிட்டே இருக்கும், பட்டுனு நின்னுடும். அப்பாடா, கடவுளேன்னு நான் கண்ணை மூடுவேன். அந்த நேரத்துலதான் எனக்குத் தூக்கமே வரும். கொஞ்ச நேரத்துல பெருசா ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சுடுவாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நிக்கற நேரத்துல மூச்சு வருதான்னு என்னைக்காவது பாத்தீங்களா?"

மனைவியின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. முள்ளுவுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. கேள்வி முடிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தம் இருக்கிற வரைக்கும் பயமில்லை. சத்தம் நின்றால் ஓட வேண்டும். அவர் வீட்டில் ஒவ்வோர் இரவும் சத்தம் நின்றிருக்கிறது. ஓடி வர ஆள் இல்லை. அவரே ஓடியிருக்கிறார், தூக்கத்திலேயே.

டாக்டர் எளிமையாகச் சொன்னார். கழுத்து தடித்தவர்களுக்குத் தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகிற வழியைச் சுலபமாக அடைத்துவிடுகிறது. காற்று உள்ளே போகவில்லை. ரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது. மூளை பதறிப்போய் உடம்பை உலுக்கி எழுப்புகிறது. பாதி விழிப்பு, ஒரு பெரிய மூச்சு, மறுபடி தூக்கம். காலையில் எதுவும் நினைவிருக்காது. ஒவ்வொரு உலுக்கலுக்கும் இதயம் படபடவென்று அடிக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. இரவில் இறங்கி ஓய்வெடுக்க வேண்டிய பிரஷர் இரவெல்லாம் ஏறுகிறது. அந்த ஏற்றம் பகலிலும் கூடவே வருகிறது.

"மூணு மாத்திரையும் அது பாட்டுக்கு வேலை செய்யுது. அது கீழ இழுக்குது, நீங்க தூங்கித் தூங்கி மேல ஏத்தறீங்க. முதல்ல இது அதுதானான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். இருந்தா பகல்லயும் தூக்கம் வந்திருக்கணுமே? வருதா?"

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். மேசையில் காலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். கடிதம் கிடைத்தாலும் கிடைக்கலாம்.

"வருது" என்றார் முள்ளு. "செவ்வாய்க்கிழமை கொதிகலன் முன்னாடி தூங்கிட்டேன். தண்ணி இறங்கி பர்னர் நின்னுபோச்சு. எனக்குத் தெரியல. எனக்கே தெரியல, அம்மா." காலி அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பி வைத்தார். "ஒரு மணிக்கு எல்லாம் சரியா இருந்துதுன்னு எழுதிட்டேன். பொய் எழுதிட்டேன்."

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு, "இது சரியாகற வரைக்கும் நீங்க அங்க நிக்கக் கூடாது. அதை நான் எழுதித்தான் ஆகணும்" என்றார்.

"எழுதுங்க" என்றார் முள்ளு.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மகளின் அறைக்குப் போய், தன் தலையணையை எடுத்துக்கொண்டு வந்து அவர் கட்டிலில் போட்டார். "நாலு வருஷம்" என்றார். "மூச்சு நின்ன நேரமெல்லாம் நான் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்." அப்படியே உட்கார்ந்து அழுதார்.

திங்கட்கிழமை காலை முள்ளு ஆலைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தார். செவ்வாய்க்கிழமை, ஒரு மணி. ஒற்றைக் கோடு போட்டார். அடியில் இருந்தது படிக்கத் தெரிந்தது. பக்கத்தில் எழுதினார்: 'பார்க்கவில்லை. தூங்கிவிட்டேன். தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கி பர்னர் நின்றது. ஒன்று இருபத்தைந்துக்கு இஸ்திரிப் பிரிவு அம்மாள் எழுப்பினார்.' கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். மேனேஜர் படித்தார். மறுபடி படித்தார். எள்ளும் கொள்ளும் வெடித்தது முகத்தில். கத்துகிற அளவுக்குக் கத்தினார். அன்றைக்கே அபாய மணியைச் சரிசெய்ய ஆள் வந்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

முள்ளுவை விரிப்பு மடிக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் படுக்கிற விரிப்புகளை நான்காக, எட்டாக மடித்து அடுக்குகிற வேலை. கொதிகலன் அறையின் உறுமல் அங்கேயும் கேட்கும். முதல் நாள் உறுமல் ஒரு தடவை நின்றபோது விருட்டென்று எழுந்து நாலு அடி நடந்து, பிறகு நினைவு வந்து திரும்பினார். இஸ்திரி அம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

பரிசோதனைக்கு ஒரு சிறிய பெட்டி கொடுத்தார்கள். நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு குழாய். ஓர் இரவு அதோடு படுத்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு தடைப்பட்டதாகத் தாளில் வந்தது. அதிகபட்சம் எழுபது விநாடி. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். முப்பதில் விட்டுவிட்டார்.

பிறகு இயந்திரம் வந்தது. மூக்கில் ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய், மறுமுனையில் காற்றைத் தள்ளுகிற ஒரு பெட்டி. அந்தக் காற்றின் அழுத்தம் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும் என்றார்கள். முள்ளு முதலில் கேட்டது, "இதுக்கு முள் எங்கே?" என்றுதான். முள் இல்லை, எண்ணாகக் காட்டும் என்றதும் முகம் தொங்கிப்போனது. முதல் வாரம் அது அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. தூக்கத்திலேயே பிய்த்து எறிந்தார். மூடி மாற்றினார்கள், வார் தளர்த்தினார்கள். "யானை வேஷம் நல்லாத்தான் இருக்கு, கழட்டாதீங்க" என்று மனைவி அதட்டினார். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, எழுந்து உட்கார்ந்தவர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கனமே இல்லை. கனம் இல்லாத தலை எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பிரஷர் ஒரே நாளில் இறங்கிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, முனகிக்கொண்டே இறங்கியது. மாத்திரைகளும் போய்விடவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு காலைப் பதிவு நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தாறு. டாக்டர் ஒரு மாத்திரையின் அளவை மட்டும் குறைத்தார். "இயந்திரத்தை விட்டீங்கன்னா பழைய இடத்துக்கே போயிடும். அதையும் எழுதித்தான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். ஒரு சனிக்கிழமை முள்ளு அந்தக் கடிதத்தை மேனேஜரிடம் கொடுத்தார். மேனேஜர் படித்துவிட்டு, "திங்கட்கிழமை போய் உக்காருங்க. ஆனா ஒரு மணிக்கு நானே வந்து எட்டிப் பாப்பேன்" என்றார். "வாங்க" என்றார் முள்ளு. அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு, மூக்கில் மூடியை மாட்டிக்கொண்டு படுத்தார். மதியத் தூக்கத்துக்கும் மாட்ட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. கண் விழித்தபோது மூன்றரை மணி. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பெட்டி மட்டும் மெல்ல மூச்சுவிட்டது. கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி போட்டிருந்தது. மனைவி அடுப்படியில் இருந்தார். நாற்காலியின் மேல் அவருடைய வீட்டுப் பதிவேடு, அவர் இதுவரை புரட்டாத கடைசிப் பக்கங்களில் திறந்து கிடந்தது, பேனாவோடு.

எடுத்துப் பார்த்தார். அவர் கையெழுத்து இல்லை.

'2.00. மூச்சு வருகிறது.

2.10. மூச்சு வருகிறது.

2.20. மூச்சு வருகிறது. ஒரு தடவை இருமினார்.

2.30. மூச்சு வருகிறது.'

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மனைவியின் கையெழுத்து இருந்தது. முந்தைய பக்கத்தைப் புரட்டினார். அதற்கு முந்தையதையும் புரட்டினார். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அதில் இருந்தன. குறட்டை கேட்காத வீட்டில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்பது இவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

மறுபடி இன்றைய பக்கத்துக்கு வந்தார். இரண்டு நாற்பதுக்கும் 'மூச்சு வருகிறது' என்றே எழுதியிருந்தது. ஆனால் அதன்மேல் ஒற்றைக் கோடு. அடியில் இருந்தது படிக்கத் தெரிந்தது. பக்கத்தில்: 'பார்க்கவில்லை. தூங்கிவிட்டேன்.' கையெழுத்து. அதற்குக் கீழே, '3.05. மூச்சு வருகிறது.'

முள்ளு அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியைக் கழற்றி வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்தார். பக்கத்தின் அடியில், சரிபார்த்தவர் கையெழுத்து என்று அச்சடித்திருந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"எழுந்துட்டீங்களா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"எழுந்துட்டேன்" என்றார். "நீ வந்து கொஞ்ச நேரம் படு. நான் பாத்துக்கிறேன்."